அண்ணன் திறந்தால் வரும் சீனம்

என் அண்ணனைப் பற்றி யாராவது கேட்டால் நான் எங்கள் வாசற்கதவிலிருந்துதான் ஆரம்பிப்பேன். அந்தக் கதவுக்குப் பூட்டு உண்டு, சாவி உண்டு, சாவி திரும்பவும் செய்யும். கதவு மட்டும் திறக்காது. கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதே நேரத்தில் முழங்காலால் கீழ்ப்பக்கம் ஒரு இடி இடிக்க வேண்டும். மழைக்காலம் என்றால் இரண்டு இடி. அண்ணன் அதைச் செய்வதைப் பார்க்கவே சுகமாக இருக்கும். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் கைப்பேசி, பேச்சு நிற்காது, கதவு திறந்துகொள்ளும். "கதவுல என்ன கோளாறு? நான் திறந்தா வருதே" என்பான்.

கதவோடு விட்டானா என்றால் இல்லை. குளியலறைக் குழாயை முழுக்கத் திருகிவிட்டுக் கொஞ்சம் பின்னால் திருப்பினால்தான் சொட்டுவது நிற்கும். துணி துவைக்கும் இயந்திரம் பிழியத் தொடங்கும்போது மூடியில் ஒரு அடி போட வேண்டும், அதுவும் இடது ஓரத்தில். கூடத்து மின்விசிறியைத் துடைப்பக் குச்சியால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் அதன்பிறகு அது பாட்டுக்கு ஓடும். எல்லாமே அண்ணன் கைப்படப் பழுது பார்த்தவை. வெளியிலிருந்து ஆள் கூப்பிடுவது அவனுக்கு மானப் பிரச்சினை.

இத்தனைக்கும் தொழிலில் அவன் கெட்டிக்காரன். பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. அங்கே அவன் கை வைத்த எந்த இயந்திரத்தையும் யார் வேண்டுமானாலும் பொத்தானை அழுத்தி ஓட்டலாம், ஏனென்றால் அங்கே மேலதிகாரி தோலை உரித்துவிடுவார். வீட்டில் மேலதிகாரி கிடையாது. அம்மா இருந்தவரைக்கும் ஏதாவது சொல்லிப் பார்த்தாள். மூட்டுவலிக்காரி, முழங்காலால் கதவை இடிக்க அவளால் ஆகாது. அதனால் தன் சொந்த வீட்டுக்குப் பின்வாசல் வழியாகவே வந்து போய்க்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரியும்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் பிழைப்பு. கற்க வந்தவர் வண்டியை நடுச்சாலையில் அணைத்துவிடுவார், பின்னால் வருகிறவன் ஒலிப்பானை அலற விடுவான், ஸ்டியரிங்கைப் பிடுங்கி நாமே ஓட்டிவிடலாமா என்று கை துடிக்கும். ஓட்டக் கூடாது. நான் ஓட்டினால் வண்டி ஓடும் என்பது எனக்கு முன்பே தெரியும், அதற்கு யாரும் கட்டணம் கட்டவில்லை. இந்தச் சின்ன விஷயம் அண்ணன் மண்டையில் ஏறவே இல்லை. என் வீடு மாடியில், அவன் வீடு கீழே. அதனால் இதை அவனிடம் சொல்ல எனக்கு வாய்ப்புக்குக் குறைவில்லை, சொல்லாமல் விட்டதும் இல்லை.

அண்ணி சீன மொழிக்காரி. தொழிற்சாலைக்குப் புது இயந்திரங்கள் கப்பலில் வந்தபோது, அவற்றை நிறுத்திக் கொடுக்க வந்த கூட்டத்தோடு, சீனத்தையும் ஆங்கிலத்தையும் மாற்றிச் சொல்லும் மொழிபெயர்ப்பாளராக வந்தாள். அந்தப் பக்கம் பத்துப் பொறியாளர்கள், இந்தப் பக்கம் இருபது தொழிலாளர்கள், நடுவில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு இவள் ஒருத்தி. அவள் வாயைத் திறக்காவிட்டால் ஒரு திருகாணிகூட முடுக்கப்படாது. இயந்திரங்களுக்கு எழுத்துப்பூர்வமாக உத்தரவாதம் கொடுத்துவிட்டு அந்தக் கூட்டம் ஊர் திரும்பியது. அண்ணி எந்த உத்தரவாதமும் கேட்காமல் திரும்பி வந்து என் அண்ணனைக் கட்டிக்கொண்டாள்.

வந்தவள் எங்களிடமே தமிழ் கற்றுக்கொண்டாள். அண்ணன் என்னைப் பாப்பா என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் போலிருக்கிறது என்று அவளும் பாப்பா என்றே கூப்பிட ஆரம்பித்தாள். தலை நரைக்கத் தொடங்கிய பாப்பா. குழாயைக் கற்றுக்கொண்டாள், துணி இயந்திரத்தின் இடது ஓரத்தைக் கற்றுக்கொண்டாள், மின்விசிறிக்குத் துடைப்பம் எடுக்கக் கற்றுக்கொண்டாள். கதவையும் கற்றுக்கொண்டாள், ஆனால் ஆள் சின்ன உருவம். வலது முழங்காலுக்குக் கீழே எப்போதும் கன்றிப்போன நீலத் தடம் ஒன்று இருக்கும். பழையது மங்குவதற்குள் புதிது வந்துவிடும்.

அவளுக்கு இங்கே வேலை கிடைக்கவில்லை. தொழிற்சாலையில் மேற்கொண்டு இயந்திரம் வாங்கவில்லை, வேறு யாருக்கும் சீனம் தேவைப்படவில்லை. முப்பது பேரைப் பேச வைத்தவள், மத்தியான வேளையில் கூடத்தில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சாப்பிட வரும்போது பார்ப்பேன். "என்ன அண்ணி பண்றீங்க?" என்று கேட்டால், "சும்மா இருக்கேன் பாப்பா" என்பாள். அவள் முதன்முதலில் தப்பில்லாமல் கற்றுக்கொண்ட தமிழ் வாக்கியம் அதுதான்.

அப்படியிருக்கையில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் அவளுடைய விண்ணப்பத்துக்குப் பதில் போட்டது. தண்ணீர் இறைக்கும் பம்பு ஒன்றின் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து சீனத்துக்கு மாற்றித் தர வேண்டும், அவர்கள் கொடுக்கும் மென்பொருளில்தான் செய்ய வேண்டும், மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் வீட்டிலிருந்தே நிரந்தர வேலை. அண்ணி அதை என்னிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள்.

அவளிடம் ஒரு மடிக்கணினி இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதன் மடக்கு தளர்ந்ததும், பார்த்துக்கலாம் என்று சொல்லி அண்ணன் அதைக் கழற்றினான். அதன் உள்ளுறுப்புகள் இன்றைக்கும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. மிச்சமிருந்தது கூடத்து மேசைக் கணினி. தொழிற்சாலை அலுவலகத்தில் கழித்துப் போட்ட சாமான்களை வைத்து அண்ணன் தானே சேர்த்துக் கட்டியது. அதில் எல்லாரும் வைத்திருக்கும் விண்டோஸ் இருக்காது, லினக்ஸ்தான் இருக்கும். கேட்டால் இலவசம் என்பான், வைரஸ் வராது என்பான், எதை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம் என்பான். கடைசியாகச் சொல்வதுதான் உண்மையான காரணம்.

"அதுல சீனம் வருமா?" என்று நான் கேட்டேன்.

"ஏன் வராது? இரு, பாத்துக்கலாம்" என்றான்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்தது.

ஆனால் அவன் உட்கார்ந்து செய்ததென்னவோ உண்மை. முதலில் சீனப் பக்கத்தைத் திறந்தால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது, எழுத்துரு இல்லாததால். அதை இறக்கிப் போட்டதும் கட்டங்கள் எழுத்துகளாகின. அடுத்தது தட்டச்சு. நாம் கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்தால் தமிழில் அம்மா வருகிறதல்லவா, ஏறக்குறைய அப்படித்தான் அதுவும். சொல்லின் ஒலியை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். ஒரே ஒலிக்கு ஏகப்பட்ட எழுத்துகள் இருப்பதால் கீழே ஒரு சின்னப் பட்டை முளைத்து, இதுவா அதுவா என்று வரிசையாகக் காட்டும். வேண்டியதன் எண்ணை அழுத்த வேண்டும். இதற்கென்று இருக்கும் மென்பொருளை அண்ணன் போட்டான். அவன் ஏற்கெனவே தமிழுக்காகப் போட்டு வைத்திருந்தது அதனோடு மல்லுக்கு நின்றது, அதைத் தூக்கினான். கடைசியாக, இனி விசைப்பலகைக்கு இந்த மென்பொருள்தான் பொறுப்பு என்று கணினிக்குச் சொல்லும் மூன்று வரிகளை ஏதோ ஒரு கோப்பில் எழுதினான்.

பிறகு எங்களைக் கூப்பிட்டான். லினக்ஸ்காரர்கள் கட்டளை அடிப்பதற்கென்று வைத்திருக்கும் கறுப்பு ஜன்னலைத் திறந்து என்னவோ தட்டினான். நிறுவனத்தின் மென்பொருள் திறந்தது. கண்ட்ரோலையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்திவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே சீனச் சொல்லான வணக்கத்தை அடித்தான். பட்டை முளைத்தது, இரண்டு எழுத்துகள் அழகாக வந்து உட்கார்ந்தன. அண்ணி கைதட்டினாள். நானும் தட்டினேன், பொய் சொல்வானேன். அன்றைக்கு எனக்கே அண்ணன்மேல் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அவன் அந்த வணக்கத்தோடு எல்லாவற்றையும் மூடிவிட்டு வேலைக்குப் போனான்.

மறுநாள் அண்ணி உட்கார்ந்தாள். திரையில் அந்த மென்பொருளின் சின்னப் படம் இருந்தது, அதைச் சொடுக்கித் திறந்தாள். அடித்தாள். வெறும் ஆங்கில எழுத்துதான் வந்தது. பட்டையும் இல்லை, பாட்டும் இல்லை. அண்ணன் வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்.

"வரலைங்க. இங்கிலீஷ்தான் வருது."

"கண்ட்ரோலும் ஸ்பேஸும் அழுத்துனியா?"

"அழுத்துனேன்."

"ரெண்டையும் ஒண்ணா அழுத்தணும். நீ ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை அழுத்தியிருப்ப."

அவளை எழுப்பிவிட்டு உட்கார்ந்தான். திறந்திருந்ததை எல்லாம் மூடினான், அது அவன் பழக்கம். மறுபடியும் திறந்தான், வணக்கம் அடித்தான், இரண்டு எழுத்துகளும் வந்தன. "பாத்தியா? நான் அடிச்சா வருதே" என்றான். அண்ணி உட்கார்ந்து அடித்துப் பார்த்தாள். அவளுக்கும் வந்தது. இரண்டு பக்கம் முடித்தாள். மறுநாள் காலையில் கணினியைப் போட்டு, படத்தைச் சொடுக்கித் திறந்தால் மறுபடியும் ஆங்கிலம்.

இப்படியே போயிற்று. அவன் வந்து திறந்து கொடுத்தால் வரும், அவளாகத் திறந்தால் வராது. அவனுக்கோ மாறி மாறி ஷிப்ட். இயந்திரக் கூடத்துக்குள் கைப்பேசி கொண்டுபோக அனுமதி இல்லை. கணினியை அணைக்காமலே விட்டு வைத்தாள். மேசையில் தொடாதே என்று தமிழில் எழுதிய சீட்டு ஒன்றை ஒட்டினாள், யார் தொடப் போகிறார்கள் என்று தெரியவில்லை, நான்தான் இருக்கிறேன். ஒரு நாள் பார்த்தால் நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள்.

"என்ன அண்ணி, விரல் ரத்தம் கட்டியிருக்கு?"

"நகம் பக்கத்து பட்டனத் தொடுது போல பாப்பா. அதான் எனக்கு வரல. அவருக்கு வருதே."

எனக்குச் சுருக்கென்றது. அண்ணனிடம் போய் நேரடியாகவே கேட்டேன், அவள் திறக்கும்போது நீ பக்கத்தில் நின்று ஒரு தடவையாவது பார்த்தாயா என்று. "பாக்க என்ன இருக்கு? நல்லாத்தானே இருக்கு. பழகப் பழகச் சரியாயிடும். கதவு பழகல?" என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெட்ட எண்ணம் இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துவிடலாம். அவன் உண்மையாகவே அப்படி நம்பினான்.

வெள்ளிக்கிழமை வந்தது. அண்ணன் இருட்டிய பிறகே முடியும் பகல் ஷிப்டுக்குப் போகும்முன் திறந்து கொடுத்துவிட்டுப் போனான். கையேட்டில் கடைசி அத்தியாயம்தான் பாக்கி. மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது வாசற்கதவு காற்றுக்காக விரியத் திறந்து கிடந்தது. அண்ணி கணினிக்கு முன்னால் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மின்சாரம் போய் வந்திருக்கிறது. எழுதியதெல்லாம் பத்திரமாக இருந்தது, நல்ல காலம். மென்பொருளைத் திறந்தால் பழையபடி ஆங்கிலம்.

"அவர் வர்றதுக்குள்ள டைம் முடிஞ்சிடும்" என்றாள். அழவில்லை. "என் கை சரியில்ல பாப்பா. இந்த வீட்ல எல்லாம் அவருக்குத்தான் கேக்குது. நான் நல்லா வேல செஞ்ச ஆள். உனக்குத் தெரியாது, நீ பாக்கல."

அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. தொழிற்சாலைக்கு ஃபோன் போட்டேன். அலுவலகத்தில் எடுத்தவர் சொல்லி அனுப்புகிறேன் என்றார், அந்தக் குரலிலேயே அனுப்பமாட்டார் என்பது தெரிந்தது. எனக்குக் கணினி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கையைப் பார்க்கத் தெரியும். வண்டியை அணைத்துவிடுகிறவர்கள் எல்லாரும் ஒழுங்காகத்தான் செய்தேன் என்பார்கள். நான் காலைப் பார்ப்பேன்.

"அண்ணி, அவன் உக்காந்து திறக்கிறப்போ என்னென்ன பண்றான்? மொதல்ல கை எங்க போகும்? எங்கிட்ட சொல்லாதீங்க, செஞ்சு காட்டுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடியே கையைத் தூக்கி, காற்றில் அவனைப் போலச் செய்தாள். முதலில் எல்லாவற்றையும் மூடுகிற கை. பிறகு மூன்று விசைகளைச் சேர்த்து ஒரு அழுத்து. பிறகு மேல்நோக்கி அம்பு போட்ட விசையை இரண்டு தட்டு. பிறகு எண்டர். கண்ணைத் திறந்து தன் கையையே பார்த்தாள்.

"பாப்பா, அவர் இந்தப் படத்த தொடவே மாட்டார்."

அவ்வளவு நாளும் அந்தக் கறுப்பு ஜன்னலை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அது அவனுடைய சொந்த சமாசாரம், பழுது பார்க்கிறவர்களின் வேலை என்று எண்ணி விட்டுவிட்டாள். சொடுக்கித் திறப்பதற்குத்தானே படம் வைத்திருக்கிறார்கள்? இப்போது மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினாள். கறுப்பு ஜன்னல் வந்தது. மேல் அம்பை இரண்டு முறை தட்டியதும், அவன் முன்பு அடித்து வைத்திருந்த கட்டளை தானாக வந்து நின்றது. எண்டர் தட்டினாள். மென்பொருள் திறந்தது. அவள் வணக்கம் எல்லாம் அடிக்கவில்லை, விட்ட இடத்திலிருந்து பம்பைப் பற்றி அடித்தாள். பட்டை முளைத்தது.

நான் மத்தியான மாணவருக்கு இன்றைக்கு வகுப்பு இல்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த வேகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. விசைகளின் மேல் விரல் இருப்பதே தெரியவில்லை. பட்டையில் எண் எது என்று பார்ப்பதற்குள் அடுத்த வரிக்குப் போயிருந்தாள். நல்லா வேல செஞ்ச ஆள் என்று சொன்னாளே, அந்த ஆள் இவள்தான். மாலைக்கு முன்பே அனுப்பிவிட்டாள்.

அண்ணன் வந்து, கதவை இடித்துத் திறந்து, விஷயத்தைக் கேட்டான். "நான்தான் சொன்னேனே, நல்லாத்தான் இருக்குன்னு" என்றபடி நாற்காலியை இழுத்தான். அண்ணி நாற்காலியைக் கொடுக்கவில்லை. அவன் கையைப் பிடித்துத் தன் தோள்மேல் வைத்துக்கொண்டாள், விசைப்பலகைக்கு எட்டாதபடி.

"நீங்க நில்லுங்க. நான் திறக்கிறேன். பாருங்க."

படத்தைச் சொடுக்கித் திறந்தாள். ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக அடித்தாள். ஆங்கிலம் வந்தது. மூடினாள். கறுப்பு ஜன்னல் வழியாகத் திறந்து அதையே அடித்தாள். சீனம் வந்தது. மறுபடியும் படம், மறுபடியும் ஆங்கிலம். அண்ணன் முகம் மாறுவதை நான் பார்த்தேன். அவன் முட்டாள் இல்லை, பார்த்தவுடன் புரிந்துவிட்டது. அந்த மூன்று வரிகளைக் கறுப்பு ஜன்னல் மட்டும் படிக்கிற கோப்பில் எழுதியிருக்கிறான். அந்த ஜன்னல் வழியாகப் போகிறவனுக்கு எல்லாம் வரும். படத்தைத் தொடுகிற சாதாரண மனிதர்களுக்கு அந்த வரிகள் இருப்பதே தெரியாது.

"நீ படத்தத் தொட்டா திறக்கிற?" என்றான்.

"எல்லாரும் அப்படித்தாண்டா திறப்பாங்க" என்றேன் நான்.

"நான் திறந்தா வருதேன்னு..." என்று இழுத்தான். அண்ணியின் தோளில் இருந்த கையை எடுக்கவில்லை. ஒட்ட வெட்டிய நகங்களை அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். பார்த்துக்கொண்டே நின்றான்.

சரி செய்வதற்கு ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. மூன்று வரிகளை எடுத்து, கணினிக்குள் நுழையும்போதே படிக்கப்படுகிற வேறொரு கோப்பில் போட வேண்டும், ஒருமுறை வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். எதை அடிக்க வேண்டும் என்று அவன் சொல்லச் சொல்ல, அண்ணிதான் அடித்தாள். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். கை துடிப்பது எனக்குத் தெரிந்தது, அது என் தொழில். பிறகு அவள் படத்தைச் சொடுக்கினாள். சீனம் வந்தது. அன்றைக்கு அண்ணன் கைதட்டவில்லை, "இன்னொரு தடவ திற" என்றான். இன்னொரு தடவையும் வந்தது.

அடுத்த வாரம் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது, வேலை கிடைத்துவிட்டது. அண்ணி அதை எனக்கு முதலில் சீனத்தில் வாசித்தாள், எனக்கு ஒரு எழுத்தும் புரியாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி காய்கறி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். கீழே தட்டுமுட்டுச் சத்தம் கேட்டு நான் இறங்கி வந்தால், வாசற்கதவு கழன்று கூடத்தில் படுத்திருக்கிறது. அண்ணன் அதன் அடிப்பக்கத்தை இழைத்துக்கொண்டிருந்தான். கீல்கள் புதியவை, கடையில் வாங்கியவை, அதுவே எனக்கு அதிர்ச்சி. மாட்டி முடித்ததும் தான் திறந்து பார்க்காமல், "நீ திற பாப்பா" என்றான். ஒரு விரலால் தள்ளினேன், திறந்தது. அம்மாவை நினைத்தேன். அவனும் நினைத்திருப்பான், பின்வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு மரத்தூளைக் கூட்டப் போனான்.

அண்ணிக்கு இது தெரியாது. இரண்டு கையிலும் பையோடு வந்தாள், சாவியைத் திருப்பினாள், வழக்கம்போலக் கைப்பிடியைத் தூக்கி முழங்காலால் பலமாக ஒரு இடி இடித்தாள். கதவு காற்றாகத் திறந்துகொள்ள, தக்காளியும் வெங்காயமுமாகக் கூடத்துக்குள் வந்து விழுந்தாள். அண்ணன் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினான்.

"ஐயோ, வலிச்சுதா?"

அவள் தரையில் உட்கார்ந்தபடியே திரும்பிக் கதவைப் பார்த்தாள். எட்டிக் கையால் மெல்ல மூடினாள், மெல்லத் திறந்தாள். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"நாலு வருஷமா வலிச்சுதுங்க" என்றாள். "இன்னைக்கு வலிக்கல."

அண்ணன் குனிந்து, நாற்காலிக்கு அடியில் உருண்டு போயிருந்த வெங்காயங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினான்.